மேல்வரிசைப் பல்லின் சிறப்புரிமை

க்ரானிட்ஸ் பிரபுவின் மேல்வரிசைப் பல்செட் பேரவையில் கழன்று விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். கால்வாய் மசோதாவை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சின் உச்சத்தில் "தந்தை நாடு" என்று சொல்ல வாயை அகலத் திறந்தார். தந்தை வந்தது. நாடு வருவதற்குள் பல் வந்துவிட்டது. இரண்டு வரிசைகளைத் தாண்டிப் பறந்து, சுருக்கெழுத்தாளரின் மேசைக்கு முன்னால் போய் விழுந்தது.

சுருக்கெழுத்தாளர் கடமை தவறாதவர். அவைக்குறிப்பில் இப்படி எழுதினார்: "(பல் விழுகிறது. இடது பக்கம் நீண்ட சிரிப்பு. வலது பக்கம்: 'வெட்கக்கேடு!')" வெட்கக்கேடு யாருக்கு என்று எழுதுவது அவர் வேலையல்ல.

மறுநாள் பிரபு அதே பல்லை மாட்டிக்கொண்டு மறுபடி எழுந்தார்.

"கனவான்களே! நேற்று இம்மன்றத்தில் விழுந்தது என் பல் அன்று. நம் கைத்தொழிலாளரின் நாணயம்! குயவர் தெருவில் லிம்பாக் என்றொருவன் பல்செட் கட்டுகிறான். பிணங்களின் வாயைத் திறந்து பல்லைப் பிடுங்கி, அதை உயிருள்ளவர்களின் வாயில் வைக்கிறான்! இறந்தவனின் பல்லால் ஒரு கிறிஸ்தவன் ரொட்டி தின்பதா?"

வலது பக்கம் பத்து நிமிடம் கைதட்டியது. அன்று மாலைப் பத்திரிகைகள் எல்லாம் பேச்சை முழுசாக அச்சிட்டன. எங்கள் அரசியல் சட்டத்தின்படி அவையில் ஓர் உறுப்பினர் பேசியதற்காக யாரும் அவர்மேல் வழக்குப் போட முடியாது. அவர் பேசியதைப் பேசியபடியே அச்சிட்ட பத்திரிகைமேலும் போட முடியாது. பொய்யை உண்மையாக அச்சிட்டால் அது உண்மையான செய்தி.

ஓட்டோகர் லிம்பாக்கின் கடை பேரவைக் கட்டடத்தின் பின்பக்கம், குயவர் தெரு பதினேழாம் எண். ஐம்பது வயது, அமைதியான மனிதர், யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைப் பார்ப்பார். பத்திரிகையைப் படித்ததும் ஆர்டர் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: "க்ரானிட்ஸ் பிரபு. கீழ்வரிசை மட்டும்."

அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மேல்வரிசையும் சேர்த்துச் செய்துகொள்ளும்படி அவர் எவ்வளவோ சொன்னார்.

"மேலும் கீழும் ஜோடியா இருந்தாத்தான் பிரபு நிக்கும். உங்க வாயில இருக்கறது உங்க அப்பாவோடது. அவர் தாடை வேற."

"யோவ், எங்கப்பா இந்தப் பல்லோடதான்யா இருபது வருஷம் பேரவையில உக்காந்தாரு. நீர்யானைத் தந்தத்துல கட்டினது. அதுல இருக்கற பல்லு ஒவ்வொண்ணும் பெரிய யுத்தத்துல செத்த சிப்பாய்ங்களோடது. உன் பீங்கான் பல்லை அது பக்கத்துல வைக்கவே கூசுது."

"கழண்டு விழும் பிரபு."

"மேலவை பரம்பரையா வருது. கீழவையைத்தான் அப்பப்போ புதுசா தேர்ந்தெடுக்கறோம். நாடு கழண்டா விழுந்துருச்சு? நீ கீழ மட்டும் செய்."

ஆக, பிணத்தின் பல் என்பது உண்மைதான். அது இருந்த இடம்தான் வேறு.

ஒரே வாரத்தில் கடை காலியானது. அஞ்சலக அதிகாரியின் மனைவி தன் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "யாரோடதோ தெரியலையே லிம்பாக். ராத்திரி கண்ணாடித் தம்ளர்ல போட்டு வெச்சா, என்னையே பாக்கற மாதிரி இருக்கு." பாதிரியார் பல்லைக் கழற்றிவிட்டுப் பிரசங்கம் செய்தார். தேவாலயத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை; ஆனால் அவர்மேல் மரியாதை கூடியது. கட்டட உரிமையாளர் வந்து, ஈஸ்டருக்குள் கடையில் வியாபாரம் தொடங்காவிட்டால் இடத்தைக் குடைக்காரருக்கு விட்டுவிடுவதாகச் சொல்லிப் போனார்.

லிம்பாக் நீதிமன்றத்துக்குப் போனார். ஆர்டர் புத்தகத்தை நீட்டினார். நீதிபதி அதைத் தொடவில்லை.

"அவையில பேசினதுக்கு வழக்கு கிடையாது."

"வழக்கு வேண்டாங்க. அவர் வாயைத் திறந்து மேல்வரிசையைப் பாத்தா போதும். நான் செய்யற செட்டுல எல்லாம் உள்பக்கம் என் பேரோட முதல் எழுத்து இருக்கும். அதுல இருக்காது."

"உறுப்பினர் உடம்பை கூட்டத்தொடர் நடக்கறப்ப யாரும் தொடக் கூடாது. வாயும் உடம்புதான்."

"கூட்டத்தொடர் முடிஞ்சப்புறம் பாக்கலாமா?"

"தாராளமா. ஆனா அந்தப் பேச்சுக்கு எந்தக் காலத்துலயும் வழக்கில்லை. வழக்கில்லாம வாயைப் பாத்து என்ன பண்ணப் போறே?"

லிம்பாக் புத்தகத்தை மூடினார். "அப்ப அந்த வாயிலேருந்து வர்றதைக் கேள்வி கேக்க முடியாது. உள்ள இருக்கறதைப் பாக்கவும் முடியாது. வேற என்னதாங்க செய்யலாம் அந்த வாயை?"

"மதிக்கலாம்" என்றார் நீதிபதி.

வீட்டுக்கு வந்து நீதிபதி சொன்னதைச் சொன்னதும், மனைவி அடெல்ஹைட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"மதிச்சுட்டு வந்தீங்களா?"

"வேற வழி?"

"அவனுக்கு ஒரு பேரவை இருக்கு. உங்களுக்கு ஒரு ஜன்னல் இருக்கில்ல? எழுதி மாட்டுங்க."

மாட்டினார். "பேரவையில் விழுந்த பல்செட் இந்தக் கடையில் செய்யப்பட்டதல்ல. — ஓ. லிம்பாக்." கோபமில்லை, வசையில்லை, ஆச்சரியக்குறிகூட இல்லை. அரைமணி நேரத்தில் போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"லிம்பாக், இந்தப் பலகை பேரவையை அவமதிக்குது."

"இதுல பேரவையைப் பத்தி என்னங்க இருக்கு?"

"உறுப்பினர் சொன்னது பொய்யின்னு அர்த்தம் வருது."

"பொய்தானே?"

"பொய்யா இருக்கலாம். அர்த்தம் வரக் கூடாது."

போலீஸ்காரர் ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக உச்சரித்தார். அவர் வாயில் இருந்த இரண்டு வரிசையும் லிம்பாக் செய்தவை. பலகை சாட்சியப் பொருள். பலகை மாட்டிய ஜன்னல் சாட்சியப் பொருள். ஜன்னல் இருந்த கடையும் சாட்சியப் பொருள். கதவுக்கு அரக்கு முத்திரை வைத்தார்.

லிம்பாக் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "அப்ப என்மேல வழக்கு உண்டு. கோர்ட்டுல எல்லாம் வெளிய வந்துரும். எப்பங்க வழக்கு?"

"அது பேரவை அனுமதி குடுத்தப்புறம். அவமானப்பட்டது அவங்க. பட்டோமா இல்லையான்னு அவங்கதான் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணணும்."

"வழக்கு முடியற வரைக்கும் கடை?"

"சாட்சியப் பொருளை வெச்சு வியாபாரம் பண்ணுவியா?" என்று கேட்டார் போலீஸ்காரர், உண்மையிலேயே திடுக்கிட்டு.

இப்படியாக எங்கள் பேரரசின் வரலாற்றில் முதல்முறையாக ஒரு குடிமகன் தன்மேல் வழக்குப் போடச் சொல்லிப் பேரவைக்கு மனு கொடுத்தான். மனு ஏற்கப்பட்டு, நிகழ்ச்சி நிரலில் பதினான்காம் உருப்படியானது. லிம்பாக் தினமும் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்குத் துணை, அவைக் கதவுகளுக்குத் தலைமைக் காவலரான புஷ்மான். பெரிய மீசை, அதைவிடப் பெரிய சாவிக்கொத்து.

"மொத்தம் முந்நூறு பேரு" என்றார் புஷ்மான். "அதுல நூத்தம்பத்தொண்ணு பேரு இருந்தாத்தான் கோரம். இல்லேன்னா எந்தத் தீர்மானமும் செல்லாது."

லிம்பாக் கீழே எண்ணிப் பார்த்தார். "நாப்பத்திரண்டு பேருதானே இருக்காங்க? காலையில மூணு சட்டம் போட்டாங்களே?"

"எண்ணச் சொல்லி யாரும் கேக்கலை. கேக்காத வரைக்கும் நாப்பத்திரண்டும் நூத்தம்பத்தொண்ணுதான். உங்களை மாதிரி மாடத்துல உக்காந்து எண்றது சபைக்குக் கணக்கில்லை. விரலை மடக்காதீங்க, யாராவது பாத்தா அதுவும் அவமதிப்பு."

மற்றவர்கள் எங்கே என்று லிம்பாக் கேட்டார். அது அரசியல் சட்டத்தின் நுட்பம். உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. கொடுத்தால் ஏழைகள் உறுப்பினராகிவிடும் ஆபத்து உண்டென்று நம் முன்னோர் கண்டுகொண்டார்கள். ஆனால் ரயில் பயணம் இலவசம். சம்பளமில்லாத இடத்தில் உட்காருவதா, கட்டணமில்லாத இடத்தில் உட்காருவதா என்று வரும்போது ஒரு கனவான் எதைத் தேர்ந்தெடுப்பான்? கோரம் எப்போதும் இருந்தது. அது முதல் வகுப்புப் பெட்டிகளில் இருந்தது.

பதினான்காம் உருப்படி நான்கு முறை வந்தது. நான்கு முறையும் இடது பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, "எண்ணுங்கள்!" என்றார். குதிரைத் தீவன மசோதாவுக்கோ பீரங்கி மசோதாவுக்கோ எண்ணச் சொல்லாதவர், லிம்பாக்குக்கு மட்டும் சொன்னார். அது அவருடைய கொள்கை. குடிமகனை வழக்கிலிருந்து காப்பாற்றுகிறாராம். ஒவ்வொரு முறையும் எண்ணினார்கள், போதவில்லை, அவை கலைந்தது. ஆறு வாரம் ஓடியது. ஈஸ்டருக்கு ஐந்து வாரம் இருந்தது. குடைக்காரர் வந்து, முத்திரை வைத்த கதவை வெளியிலிருந்தே அளந்துகொண்டு போனார்.

அப்போதுதான் பனி பெய்தது.

இரண்டு பகல், இரண்டு இரவு. எல்லாத் திசையிலும் தண்டவாளம் மூடிப்போனது. ஊருக்குள் மாட்டிக்கொண்ட உறுப்பினர்கள் முதலில் உணவு விடுதிகளுக்குப் போனார்கள். அங்கே இடம் தீர்ந்ததும், கணப்பு எரியும் வேறு கட்டடம் எதுவென்று விசாரித்துப் பேரவைக்கு வந்தார்கள். சிலருக்குத் தங்கள் இருக்கை எதுவென்று புஷ்மான் காட்டவேண்டியிருந்தது.

அன்று காலை, வழக்கம்போல எண்ணாமலே, சக்கரவர்த்தியின் சொந்த லாயத்துக்கான தீவன மசோதா நிறைவேறியது. பிற்பகல் பதினான்காம் உருப்படி வந்தது. இடது பக்கத்தவர் எழுந்து, "எண்ணுங்கள்!" என்றார். தலைவர் சுற்றிலும் பார்த்தார். கூட்டமாகத்தான் தெரிந்தது. "ஆட்டுப் பாய்ச்சல்!" என்று மணியடித்தார்.

எங்கள் பேரவையின் பெருமைமிக்க மரபு இது. உறுப்பினர்கள் எல்லோரும் மண்டபத்தை விட்டு வெளியே போவார்கள். பிறகு, 'ஆம்' என்பவர்கள் ஒரு கதவு வழியாகவும் 'இல்லை' என்பவர்கள் இன்னொரு கதவு வழியாகவும் உள்ளே வருவார்கள். கதவில் நிற்கும் எண்ணுபவர் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். பட்டிக்குள் ஆடு எண்ணுவதும் இப்படித்தான். உறுப்பினரை ஆடு என்று சொன்னால் அவமதிப்பு. ஆட்டுப் பாய்ச்சல் என்று சொன்னால் மரபு.

லிம்பாக் மாடத்திலிருந்து இறங்கி, முன்கூடத்துக்கு ஓடினார். அவரிடம் இருந்த ஒரே நல்ல கோட்டு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கறுப்புக் கோட்டு, போட்டிருந்தார். கண்ணில் பட்ட ஓர் உறுப்பினரின் கையைப் பிடித்தார்.

"ஐயா, தயவுசெஞ்சு 'ஆம்' கதவு வழியா போங்க. என்மேல வழக்குப் போட அனுமதி குடுங்க."

"உன்மேலயா? நீயேவா கேக்கறே? பைத்தியமா நீ?"

"நேர்மையானவனுங்க."

"அதைத்தான்யா கேட்டேன்."

அதற்குள் மணி மறுபடி அடித்தது. கறுப்புக் கோட்டுக் கூட்டம் மொத்தமாக நெருக்கியது. லிம்பாக் விலகத்தான் பார்த்தார். பின்னால் வந்த ஒரு தொப்பை அவரைத் தள்ளியது. முன்னால் ஒரு கதவு திறந்திருந்தது. எண்ணுபவரின் கை அவர் தோளில் விழுந்தது. "எழுபத்தாறு!" கதவு சாத்தப்பட்டது.

தலைவர் சீட்டைப் படித்தார். "ஆம் என்றோர் எழுபத்தாறு. இல்லை என்றோர் எழுபத்தைந்து. மொத்தம் நூற்றைம்பத்தொன்று. கோரம் உள்ளது. ஒரு வாக்கு வித்தியாசத்தில் லிம்பாக் மீது வழக்குத் தொடர அனுமதி அளிக்கப்படுகிறது."

"ஐயா" என்று ஒரு குரல் கேட்டது. "அந்த ஒரு ஓட்டு நாந்தாங்க. லிம்பாக்."

சுருக்கெழுத்தாளர் எழுதினார்: "(பரபரப்பு.)"

"வெளியே தள்ளுங்கள்!" என்றது வலது பக்கம். இடது பக்கத்தவர் நிதானமாக எழுந்தார். "தள்ளலாம். தள்ளினால் நூற்றைம்பது. கோரம் இல்லை. இப்போது இல்லையென்றால் காலையிலும் இருந்திருக்காது. அப்படியானால் சக்கரவர்த்தியின் தீவன மசோதா செல்லாது."

அமைச்சர்களின் வரிசை வெளுத்துப்போனது. நிதியமைச்சர் எழுந்தார். "கனவான்களே, மாட்சிமை தங்கியவரின் குதிரைகள் அந்தத் தீவனத்தைக் காலை பத்து மணியிலிருந்து தின்றுகொண்டிருக்கின்றன. அரச வாயிலிருந்து பிடுங்கும் அதிகாரம் இந்த அவைக்கு எந்தப் பிரிவிலும் தரப்படவில்லை."

தலைவர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

"எண்ணியது அவை. அவை தவறாது. தவறும் என்பது அவமதிப்பு. ஆகவே எண்ணப்பட்டவர் உறுப்பினர். இந்த அமர்வு ஐந்து மணிக்கு முடியும்வரை உறுப்பினர்; அதன்பின் அவர் எதுவாக இருந்தாரோ அது."

மணி நாலு நாற்பது. செயலர் பேனாவைத் தொட்டுக்கொண்டு லிம்பாக்கிடம் குனிந்தார். "மாண்புமிகு உறுப்பினரின் தொகுதி?"

"குயவர் தெரு பதினேழுங்க. சீல் வெச்சிருக்கு."

அப்படியே பதிந்தார்கள். தன்னிலை விளக்கம் தர ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிமை உண்டென்று புஷ்மான் கதவருகிலிருந்து கையைக் காட்டினார். லிம்பாக் எழுந்தார்.

"எனக்குப் பேச வராதுங்க. பிரபுவுக்கு நான் செஞ்சது கீழ்வரிசை மட்டும். அது இன்னைக்கும் அசையலை, பாருங்க. விழுந்தது மேல்வரிசை. அது அவங்க அப்பாவோடது. செத்த சிப்பாய்ங்க பல்லு. அவர்தான் சொன்னாரு."

க்ரானிட்ஸ் பிரபு துள்ளி எழுந்தார். பிரபுவின் பலவீனம் எங்களுக்கெல்லாம் தெரியும்: குடும்பத்தைத் தொட்டால் அவரால் பொய் சொல்ல முடியாது.

"ஆம், சிப்பாய்களின் பல்தான்! பெருமையோடு சொல்கிறேன்! அவை பிணத்தின் பற்களல்ல, வீரர்களின் பற்கள்! ஓர் ஏழை செத்தவனின் பல்லைத் தொட்டால் அது திருட்டு. ஒரு பிரபு தொட்டால் அது நினைவுச்சின்னம்!" (வலது பக்கம்: "சபாஷ்!") "அவர்கள் உயிரோடிருந்தபோது என் தந்தைக்காகச் சண்டையிட்டார்கள், இறந்தபின் என் தந்தைக்காக மென்றார்கள்! இதைவிட மேலான சேவை எது?" (வலது பக்கம் நீண்ட கைதட்டல்.)

லிம்பாக் இதற்குள் நடந்துபோய் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பிரபுவை அவர் தொடவில்லை. தன் தொப்பியைக் கழற்றி, மல்லாத்தி, இரண்டு கையாலும் மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பார்த்தவர்கள் மரியாதை என்று நினைத்தார்கள்.

"ஏனெனில் அவர்கள் இறந்தது" என்று முழங்கினார் பிரபு, "நம் தந்தை..."

தொப்பிக்குள் 'டொக்' என்று சத்தம் கேட்டது.

"நான் தொடலைங்க" என்றார் லிம்பாக் தலைவரிடம். "அதுவா வந்துச்சு." பல்செட்டைத் திருப்பிப் பிடித்து, உள்பக்கத்தை எல்லோருக்கும் காட்டினார். மஞ்சளேறிய தந்தம். அவர் எழுத்து எங்கும் இல்லை. க்ரானிட்ஸ் குடும்பச் சின்னம்தான் இருந்தது: பாய்கிற காட்டுப்பன்றி. பிறகு, எங்கே வைப்பதென்று தெரியாமல், எதிரே இருந்த பெரிய பச்சை விரிப்பு மேசையில் வைத்தார்.

பிரபு கையை நீட்டினார். செயலர் குறுக்கே பாய்ந்தார்.

"மன்னிக்க வேண்டும் பிரபு! அவையின் மேசையில் வைக்கப்பட்ட எதுவும் அவையின் ஆவணம். கூட்டத்தொடர் முடியும்வரை எடுக்க முடியாது."

பல்செட்டுக்கு எண் கொடுத்து, சிவப்பு நாடா கட்டி, ஆவணப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். கடிகாரம் ஐந்து அடித்தது. புஷ்மான் ஓடிவந்து கதவைத் திறந்து பிடித்தார்.

"வாங்க, மாண்புமிகு உறுப்பினர் அவர்களே, படி பாத்து..." ஐந்தாவது அடி ஓய்ந்தது. "சரி, கிளம்புய்யா. இங்கெல்லாம் நிக்கக் கூடாது."

மறுநாள் பத்திரிகைகள் இதையும் முழுசாக அச்சிட்டன. உண்மையை உண்மையாக அச்சிட்டாலும் வழக்கில்லை என்பது பலருக்கும் புதிய செய்தி.

வழக்கு நடந்தது. அதே நீதிபதி. லிம்பாக் நிம்மதியாக, "எல்லாம் நிரூபிச்சாச்சுங்களே" என்றார்.

"நிரூபிச்சது அங்க. அங்க நடந்ததை இங்க கேள்வி கேக்க முடியாது. இங்க நீ எதையும் நிரூபிக்கலை. உன்மேல வழக்குத் தொடர நீயே ஓட்டும் போட்டிருக்கே. அதை ஒப்புதலா எடுத்துக்கறேன். பதினாலு நாள்."

பதினான்கு நாளும் இருந்தார். சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடைவாய்ப்பல் கட்டினார். ஈஸ்டருக்கு முந்தைய திங்கட்கிழமை வெளியே வந்தபோது, வழக்கு முடிந்ததால் சாட்சியப் பொருளும் விடுதலையாகியிருந்தது. முத்திரையை உடைத்தவர் அதே போலீஸ்காரர். "கீழ்ப்பக்கம் லேசா உரசுது லிம்பாக், கொஞ்சம் பாரேன்" என்று முதல் ஆளாக உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் அஞ்சலக அதிகாரியின் மனைவி. அவளுக்குப் பின்னால், வாயைக் கையால் மூடிக்கொண்டு, பாதிரியார். வரிசை தெருமுனை திரும்பிப் போனது. குடைக்காரர் அதே வரிசையில் அளவுநாடாவோடு நின்றார். அவருக்கு முன்பல் இரண்டு வேண்டுமாம்.

வியாழக்கிழமை க்ரானிட்ஸ் பிரபு வந்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய், முகமே மடித்து வைத்ததுபோல் இருந்தது. வரிசையில் நிற்காமல் நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பேசியதை நான் திருத்தி எழுதுகிறேன். கேட்டபடியே எழுதினால் இந்த மொழியில் எழுத்துகள் போதாது.

"மேல்வரிசை வேணும். சீக்கிரம். அடுத்த வாரம் ராணுவ மசோதா."

லிம்பாக் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"அளவெடுக்க வாயில கை வைக்கணுமே பிரபு."

"வெய்."

"கூட்டத்தொடர் நடக்குதுங்களே. உறுப்பினர் உடம்பைத் தொடக் கூடாது. வாயும் உடம்புதான்னு கோர்ட்டுலயே சொன்னாங்க."

"நான்தான் சொல்றேனே, வெய்!"

"உங்க இஷ்டத்துக்கு விட்டுக்குடுக்க முடியாதுங்க. சிறப்புரிமை உங்களோடது இல்லை, சபையோடது. இப்பதான் பதினாலு நாள் உள்ள இருந்துட்டு வந்தேன். சபை அனுமதி வாங்கிட்டு வாங்க, ஒரு நாள்ல கட்டித் தர்றேன்."

உள்ளறையிலிருந்து இஸ்திரிப் பெட்டி 'தொம்' என்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அடெல்ஹைட் சிரிக்கும்போது அதைக் கையில் வைத்திருப்பதில்லை.

பிரபு நகரத்தின் மற்ற ஐந்து பல்செட்காரர்களிடமும் போனார். ஐந்து பேரும் அதே பிரிவைப் படித்துவைத்திருந்தார்கள்.

அனுமதி கோரும் மனு, நிகழ்ச்சி நிரலில் பத்தொன்பதாம் உருப்படியாகச் சேர்க்கப்பட்டது. அது முதல்முறை வந்தபோது இடது பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, "எண்ணுங்கள்!" என்றார். முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். பனி உருகி நாளாகிவிட்டது. ரயில்கள் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன.

ராணுவ மசோதாவின்மீது பிரபு குறித்தபடியே பேசினார், ஒன்றேகால் மணி நேரம். அவைக்குறிப்பில் அந்தப் பேச்சு முழுவதும் இருக்கிறது:

"க்ரானிட்ஸ் பிரபு: (ஒன்றும் புரியவில்லை. வலது பக்கம்: 'மிகச் சரி! மிகச் சரி!')"